மோர்மன் தங்கக் காசு ரெப்ளிகா சேக்குறவங்க இருக்கீங்களா? 1849 செட், எடை, காப்பி முத்திரை பத்தி பேசலாம்

உப்பேரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சால்ட் லேக் சிட்டி பக்கம் இருக்கேன், ரொம்ப நாளா இந்த ஊருல மோர்மன்கள்ங்கிற மதப் பிரிவுக்காரங்க அடிச்ச பழைய தங்கக் காசுகளோட ரெப்ளிகா, அதாவது நகல், சேத்துட்டு வரேன். 1849 தேதி போட்ட நாலு காசு இருக்கு, ரெண்டரை டாலர், அஞ்சு, பத்து, இருபது. அப்புறம் 1850ல ஒரு அஞ்சு டாலர், 1860ல சிங்கம் போட்ட அஞ்சு டாலர். மொத்தமே இவ்வளவுதான், அதனால செட்டை முழுசா சேக்குறது நடக்கிற காரியம், ஆனா நல்ல ரெப்ளிகா கிடைக்கிறதுதான் கஷ்டம். கடையில தொங்குற சூவனிர் பாக்கெட்டுல இருக்கிறது பாதி மொழுமொழுன்னு வார்ப்புல ஊத்துனது, எழுத்து எல்லாம் உருண்டு போய் இருக்கும். டை, அதாவது காசு அடிக்கிற உலோக அச்சு, வெச்சு அடிச்சது அபூர்வமா வரும். யார்கிட்ட என்ன இருக்கு, எதை வெச்சு நல்லது கெட்டது பாக்குறீங்க, "காப்பி"ன்னு முத்திரை இருக்கிறதை விரும்புறீங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஆசை. நான் முத்திரை இருக்கிறதை மட்டும்தான் வாங்குவேன், அதுக்குக் காரணம் பின்னாடி சொல்றேன்.

கோவைமணி:
அண்ணா, நான் இந்தப் பக்கம் புதுசு, பிரிட்டிஷ் இந்தியா காசு மட்டும்தான் பாத்திருக்கேன். ஒரு மதத்துக்காரங்க தனியா தங்கக் காசு அடிச்சாங்களா? அமெரிக்காவுல அரசாங்கம் சும்மா விட்டுச்சா? கொஞ்சம் ஆரம்பத்துல இருந்து சொல்லுங்களேன்.

உப்பேரிக்காரன்:
தம்பி, நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

1847 ஜூலை 24ஆம் தேதி பிரிகாம் யங் தலைமையில மோர்மன்கள் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேந்தாங்க, அந்த நாளைத்தான் இன்னிக்கும் யூட்டாவுல பயனியர் டேன்னு லீவு விட்டுக் கொண்டாடுறாங்க. வந்த இடத்துல நிலம் இருக்கு, ஆள் இருக்கு, ஆனா கையில சில்லறை கிடையாது. அதே சமயம் மெக்சிகோ போருக்காக 1846ல சேத்த மோர்மன் பட்டாலியன்ல இருந்த ஆளுங்க கலிபோர்னியாவுல வேலை தேடிட்டு இருந்தாங்க, அதுல சிலர் சட்டர்ஸ் மில்லுல வேலைக்கு நின்னாங்க. 1848 ஜனவரி 24ல ஜேம்ஸ் மார்ஷல் அங்க தங்கத்தைப் பாத்தாரே, அந்தத் தேதியே நமக்கு உறுதியாத் தெரியுறது பட்டாலியன்காரர் ஹென்றி பிக்லர் எழுதி வெச்ச டைரியாலதான். அமெரிக்கன் ஆத்துல மோர்மன் ஐலண்டுன்னு பேர் வந்த இடத்துல இவங்க அள்ளுன தங்கத் தூள்தான் அந்த வருஷக் கடைசியில சால்ட் லேக் வந்து சேந்தது.

தூளை வெச்சு வியாபாரம் பண்றது பெரிய தலைவலி. ஒவ்வொரு தடவையும் தராசு வேணும், கொட்டும், சிந்தும், மணல் கலந்திருக்கான்னு சண்டை வரும். அதனாலதான் பிரிகாம் யங், ஜான் டெய்லர், ஜான் கே மூணு பேரும் உக்காந்து காசுக்கு டிசைன் போட்டாங்க. ஜான் கே இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல தனியார் நாணயச் சாலையில வேலை பாத்த அனுபவம் உள்ளவர். 1848 டிசம்பர்லயே முதல் பத்து டாலர் காசு அடிச்சாங்க, ஆனா மேல போட்ட தேதி 1849. மொத்தம் 46 காசு அடிச்சதும் தங்கம் உருக்குற மூசை உடைஞ்சு போச்சு, மாத்து மூசை கிடையாது, வேலை நின்னு போச்சு. இடையில காகித நோட்டு விட்டாங்க, 1837ல ஒஹையோவுல மூழ்கிப் போன கிர்ட்லாண்ட் பேங்க்கோட பழைய நோட்டையே எடுத்து மறுபடியும் புழக்கத்துல விட்டாங்கன்னா நிலைமையைப் பாத்துக்கோங்க. 1849 செப்டம்பர்ல சாமான் வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பிச்சு மத்த காசுகளையும் அடிச்சாங்க.

அரசாங்கம் விட்டுச்சான்னு கேட்டீங்க. அமெரிக்க அரசியல் சாசனம் மாநிலங்கள் காசு அடிக்கக் கூடாதுன்னு சொல்லுது, தனி ஆள் அடிக்கக் கூடாதுன்னு அப்ப சட்டம் இல்லை. நார்த் கரோலினாவுல பெக்ட்லர் குடும்பம், கலிபோர்னியாவுல மொஃபட் கம்பெனி எல்லாம் இதே மாதிரி அடிச்சவங்கதான். 1864லதான் தனியார் காசுக்கு முழுசா தடை வந்துச்சு.

வாசகி_மேசா:
அருமையா சொன்னீங்கண்ணா. டிசைனையும் சொல்லுங்க, அதுதானே நம்மளை இழுக்கிற விஷயம். முன்பக்கம் மூணு முனை வெச்ச கிரீடம், அதுக்குக் கீழ ஒரு பெரிய கண்ணு, எல்லாத்தையும் பாக்குற கடவுளோட கண்ணு. சுத்தி "ஹோலினெஸ் டு தி லார்ட்"னு எழுத்து. பின்பக்கம் ரெண்டு கை குலுக்குற மாதிரி, நட்புக்கு அடையாளம், கீழ 1849.

யாத்திராகமம் 28ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்துல ஆரோனோட பாகைக்குப் பசும்பொன்னுல பட்டம் செஞ்சு அதுல "கர்த்தருக்குப் பரிசுத்தம்"னு வெட்டச் சொல்லுது இல்லையா, அதே வாசகம்தான் இது. நான் சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண வசனம், அது ஒரு காசு மேல இருக்கிறதைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டேன். தங்கம், வாசகம் ரெண்டும் அந்த ஒரே வசனத்துல இருக்கு பாருங்க. காசுன்னா ராஜா தலையோ லிபர்ட்டி தலையோ போடுற காலத்துல தலையே இல்லாம ஒரு காசு.

பழங்காசு:
எல்லாம் சரி, நான் வேற பக்கத்துல இருந்து பேசறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரெப்ளிகா வாங்குறதே இல்லை. காசுன்னா அது கை மாறி இருக்கணும், யாரோ ஒருத்தர் கூலியா வாங்கி இருக்கணும், யாரோ மாவு வாங்கி இருக்கணும். பித்தளையில போன வருஷம் அடிச்ச துண்டுல அந்த வாழ்க்கை எங்க இருக்கு? அந்தப் பணத்துக்கு 1849ல நிஜமாவே புழங்குன ஒரு பெரிய செம்பு சென்ட் வாங்கலாம், தேஞ்சதா இருந்தா ரெப்ளிகா விலைக்குப் பக்கத்துலயே கிடைக்கும். அந்த வருஷத்துக் காசு கையில இருக்கிற நிறைவே வேற.

உப்பேரிக்காரன்:
பழங்காசு சார், நீங்க சொல்றதுல பாதிக்கு நான் உடன்படறேன், என்கிட்டயும் 1849 செம்பு சென்ட் ஒண்ணு இருக்கு. ஆனா மோர்மன் தங்கத்துல அசல் வாங்குறதுன்னா என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும், பத்து டாலர் காசு எல்லாம் ஏலத்துல லட்சக்கணக்கான டாலர் போகுது, அதுவும் வர்றதே அபூர்வம். அடிச்சதுல பெரும்பகுதி உருக்கப்பட்டுப் போச்சு. மிச்சம் இருக்கிறது ஸ்மித்சோனியன்லயும் இங்க சர்ச் ஹிஸ்டரி மியூசியத்துலயும் பெரிய பணக்காரங்க லாக்கர்லயும் இருக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு பக்கம் மட்டும்தான் பாக்க முடியும். எனக்கு அதைக் கையில எடுத்து, திருப்பி, கட்டை விரலை அந்தக் கை குலுக்குற இடத்துல வெச்சு, இருபது டாலர் எவ்வளவு பெரிசு ரெண்டரை எவ்வளவு பொடிசுன்னு பக்கத்துல வெச்சுப் பாக்கணும். என் பசங்களுக்கு வரலாறு சொல்லிக் குடுக்க இதை விட்டா வேற வழி இல்லை. ரெப்ளிகா அசலுக்கு மாத்துன்னு நான் சொல்லவே இல்லை, அது படிக்கிற சாமான்.

இன்னொண்ணும் சொல்லணும், அமெரிக்காவுல புழக்கத்துக்கு அடிச்ச முதல் இருபது டாலர் தங்கக் காசே இதுதான். அரசாங்க நாணயச் சாலை 1849ல மாதிரிக்குத்தான் அடிச்சுப் பாத்துச்சு, 1850லதான் புழக்கத்துக்கு விட்டுச்சு. அப்படிப்பட்ட காசை ஏழை கலெக்டர் தொடவே கூடாதுன்னா எப்படி?

எடைக்கல்:
நானும் வரேன். எனக்கு இந்தக் காசுல பிடிச்ச விஷயமே எடைதான், ரெப்ளிகா வாங்குறவங்க பெரும்பாலும் அதைக் கவனிக்கிறதே இல்லை.

அப்ப ஃபிலடெல்ஃபியா நாணயச் சாலையில எக்ஃபெல்ட், டு பாய்னு ரெண்டு பரிசோதகர்கள் இருந்தாங்க, மேற்கே இருந்து வந்த தனியார் காசு எல்லாத்தையும் உருக்கிப் பாத்து எழுதி வெச்சாங்க. மோர்மன் காசு மாத்து, அதாவது தங்கத்தோட சுத்தம், ஆயிரத்துக்குச் சுமார் 899ன்னு வந்துச்சு. அரசாங்கக் காசு 900. அதாவது மாத்துல குறையே இல்லைன்னு சொல்லலாம், கூட இருந்தது கலிபோர்னியா தங்கத்துல இயற்கையாவே இருக்கிற வெள்ளி, இவங்க தனியா எதுவும் கலக்கலை. பிரச்னை எடையில. அரசாங்கத்தோட இருபது டாலர் 516 கிரெயின், நம்ம கணக்குல 33.4 கிராம், நாலு பவுனுக்கு மேல. மோர்மன் இருபது டாலர் 436ல இருந்து 453 கிரெயின் வரைக்கும் இருந்துச்சு, அதாவது 28ல இருந்து 29 கிராம் சொச்சம். மதிப்பு போட்டா 17 டாலருக்கு முன்ன பின்ன. பத்து டாலர் 219 கிரெயின், 14.2 கிராம், ரெண்டு பவுன் கூட வரலை, மதிப்பு எட்டரை டாலர்.

அதனாலதான் பள்ளத்தாக்கை விட்டு வெளிய போனதும் வியாபாரிங்க கழிச்சுத்தான் எடுத்தாங்க, எடுத்ததை உருக்கினாங்க. இன்னிக்கு அபூர்வமா இருக்கிறதுக்கு மூல காரணமே இதுதான்.

இப்ப ரெப்ளிகாவுக்கு வருவோம். 899 மாத்து தங்கத்தோட அடர்த்தி கணக்குப் போட்டா 17.8 கிட்ட வரும். பித்தளை எட்டரை. அப்ப ஒரு பத்து டாலர் ரெப்ளிகா அசலோட அதே விட்டம் அதே தடிமன்ல பித்தளையில இருந்தா 6.8 கிராம்தான் வரணும். யாராவது "அசல் எடையில செஞ்சது"ன்னு சொல்லி 14 கிராமுல பித்தளை வித்தா, தடிமன் ரெண்டு மடங்கா இருக்கும், பக்கவாட்டுல பாத்தாலே தெரியும். நான் அளவு சரியா இருக்கிறதைத்தான் எடுப்பேன், எடை போனாப் போகுது.

கோவைமணி:
எடைக்கல் அண்ணா, அடர்த்தி வீட்டுல எப்படிப் பாக்குறது? உரைகல்லு ஆசிட் எல்லாம் வேணுமா?

எடைக்கல்:
வேண்டாம் தம்பி. 0.01 கிராம் காட்டுற டிஜிட்டல் தராசு போதும். முதல்ல காசைச் சும்மா எடை போட்டு எழுதிக்கோ. அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்புல தண்ணி ஊத்தி தராசு மேல வெச்சு பூஜ்யம் பண்ணிடு. காசை மெல்லிசான நூல்ல கட்டி, கையில பிடிச்சபடி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி இறக்கு, கப்போட அடியிலயோ பக்கத்துலயோ படக் கூடாது. இப்ப தராசு ஒரு நம்பர் காட்டும், முதல் எடையை இந்த நம்பரால வகுத்தா அடர்த்தி. 6.80 கிராம் காசு தண்ணியில 0.80 காட்டுனா 8.5, பித்தளை. காசு மேல காத்துக் குமிழ் ஒட்டி இருந்தா நம்பர் தப்பா வரும், நூலை லேசா ஆட்டி விட்டுட்டுப் பாரு. முலாம் போட்டதுக்கும் இதுவே போதும், மேல எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் உள்ள இருக்கிறது வெளிய வந்திரும். டங்ஸ்டன் மட்டும் தங்கத்தோட அடர்த்திக்குக் கிட்டத்தட்ட சமம், ஆனா சூவனிர் ரெப்ளிகாவுல அது வராது.

பழங்காசு:
எடைக்கல் சொன்னதுல இருந்து எனக்கு ஒரு கேள்வி வருது. பத்து டாலர் காசுல "ப்யூர் கோல்டு"ன்னு எழுத்து முழுசா இருக்கு. மத்ததுல ஜி.எஸ்.எல்.சி.பி.ஜி.ன்னு முதல் எழுத்து மட்டும், கிரேட் சால்ட் லேக் சிட்டி ப்யூர் கோல்டு. சுத்தத் தங்கம்னு எழுதிட்டு, கர்த்தருக்குப் பரிசுத்தம்னு எழுதிட்டு, பத்து டாலர்னு சொல்லி எட்டரை டாலர் தங்கத்தைக் குடுத்தது சரியா? மாத்துல தப்பு நடந்ததை நான் மன்னிப்பேன், அவங்ககிட்ட வெள்ளியைப் பிரிக்கிற வசதி இல்லை. ஆனா எடை? தராசு இருந்துச்சே, அரசாங்கக் காசு ஒண்ணு ரெண்டாவது பக்கத்துல இருந்திருக்குமே.

வாசகி_மேசா:
சார், அதை ஏமாத்துன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு மனசு வரலை. தூளை உருக்குனா அழுக்கும் மணலும் போயி எடை குறையும், மூசையில ஒட்டும், நம்ம ஊர்ல சேதாரம்னு சொல்றதுதான். அடிக்கிற கூலி, டை செலவு எல்லாம் எங்க இருந்து வரும்? பள்ளத்தாக்குக்குள்ள எல்லாரும் அதைப் பத்து டாலராத்தான் வாங்கினாங்க குடுத்தாங்க, பின்னாடி சர்ச் நின்னுச்சு. வெளியூர்க்காரன் தராசுல வெச்சப்பதான் பிரச்னை.

பழங்காசு:
பத்துக்கு ஒண்ணரை டாலர் சேதாரம்னா எந்த ஆசாரிகிட்டயும் சண்டைக்குப் போயிடுவோம்மா. கலிபோர்னியாவுக்குப் போற வழியில இங்க குதிரை மாத்தி மாவு வாங்கின பிரயாணி அந்தக் காசை மீதியா வாங்கிட்டுப் போயி சான் பிரான்சிஸ்கோவுல கழிச்சுக் குடுத்தப்ப அவனுக்கு நஷ்டம் நிஜம்தானே. நான் அவனோட பக்கத்துல இருந்துதான் பாக்குறேன்.

தமிழினி_டென்வர்:
இந்த எடை விஷயத்துல இன்னொரு காசையும் சேத்துப் பாக்கணும். அதே 1849ல ஓரிகன் சிட்டியில வியாபாரிங்க சேந்து ஓரிகன் எக்ஸ்சேஞ்ச் கம்பெனின்னு ஒண்ணு வெச்சு அஞ்சு டாலர், பத்து டாலர் அடிச்சாங்க, மேல பீவர் படம் இருக்கும், பீவர் மணின்னே பேரு. அதுல எதையும் கலக்காம, அரசாங்கக் காசை விட அதிகமாவே தங்கம் போட்டாங்க. அதுவும் உருக்குக்குத்தான் போச்சு, ஏன்னா உருக்குனா லாபம்! எடை கம்மியா இருந்தாலும் உருக்குறான், கூட இருந்தாலும் உருக்குறான். அதனாலதான் இந்த ரெண்டு ஊர்க் காசும் இன்னிக்குக் கண்ணுல படுறதே இல்லை. ஓரிகன் பீவருக்கும் நல்ல ரெப்ளிகா வருது, மோர்மன் செட்டுக்குப் பக்கத்துல வெச்சா ரொம்பப் பொருத்தமா இருக்கும்.

ஆனா நான் சொல்ல வந்தது 1860 சிங்கம். யாரும் அதைப் பத்திப் பேசலையே! என் உயிரே அதுதான். முன்பக்கம் படுத்திருக்கிற சிங்கம், பின்பக்கம் கழுகு, கழுகோட நெஞ்சுல தேன்கூடு. டெசரெட்ங்கிறதே மோர்மன் நூல்ல தேனீக்கு வர்ற பேருதான், இவங்க கேட்ட மாநிலத்துக்கும் அந்தப் பேர்தான் வெச்சாங்க, வாஷிங்டன்காரங்க ஒத்துக்காம 1850ல யூட்டா டெரிட்டரின்னு ஆக்கிட்டாங்க. காசுல மட்டும் "டெசரெட் அஸ்ஸே ஆஃபீஸ்"னு இருக்கு. தங்கமும் கலிபோர்னியா இல்லை, எங்க கொலராடோ பக்கத்துல இருந்து போனது.

சிங்கத்தைச் சுத்தி இருக்கிற எழுத்தைப் பாருங்க, அது இங்கிலீஷ் எழுத்தே இல்லை. டெசரெட் எழுத்து. 1850கள்ல இவங்க பல்கலைக்கழகத்துல உக்காந்து, ஜார்ஜ் வாட்னு ஷார்ட்ஹேண்ட் தெரிஞ்ச ஒருத்தரோட உதவியில, சத்தத்துக்கு ஒரு எழுத்துன்னு 38 எழுத்து உருவாக்கினாங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற மக்கள் இங்கிலீஷை சீக்கிரம் படிக்கணும்னு ஒரு ஆசை. பெரிசா ஓடலை, ஆனா அந்த எழுத்துல புத்தகம் எல்லாம் அச்சடிச்சாங்க, இன்னிக்கு யூனிகோடுல கூட அதுக்கு இடம் இருக்கு. சிங்கத்தைச் சுத்தி இருக்கிறது அதே பழைய வாசகம்தான், எழுத்து மட்டும் புதுசு.

ரெப்ளிகா வாங்குறவங்களுக்கு இது ஒரு பெரிய வசதி. நான் அந்த 38 எழுத்தையும் ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கேன், லிஸ்டிங் ஃபோட்டோவைப் பெரிசாக்கி ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாப்பேன். மலிவான வார்ப்புல எழுத்து தெரியாத ஆளு செஞ்சிருப்பாங்க, ஒரு வளைவு விட்டுப் போயிருக்கும், இல்லைன்னா ரெண்டு எழுத்து ஒண்ணா ஒட்டி இருக்கும். சிங்கத்தோட பிடரியும் தேன்கூட்டோட வரிவரியான கோடும் தெளிவா இருக்கான்னு பாருங்க. அது இருந்தா மத்ததும் பெரும்பாலும் நல்லா இருக்கும்.

உப்பேரிக்காரன்:
தமிழினி, உங்க தாளை ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, எல்லாருக்கும் உபயோகமா இருக்கும். அந்தச் சிங்கக் காசோட முடிவையும் சொல்லிடறேன். 1857ல அமெரிக்க ராணுவம் கிளம்பி, யூட்டா போர்னு ஒண்ணு நடந்து, பிரிகாம் யங்குக்குப் பதிலா ஆல்ஃப்ரெட் கம்மிங் கவர்னரா 1858ல வந்தாரு. அவர்தான் 1861ல காசு அடிக்கிறதை நிறுத்தச் சொன்னது. அத்தோட சரி.

1849 காசுக்கு நான் பாக்குறதைச் சொல்றேன். முதல்ல பத்து டாலர்ல "ப்யூர் கோல்டு" முழுசா எழுதி இருக்கான்னு பாப்பேன், மத்த காசோட டிசைனை அப்படியே எடுத்து டாலர் நம்பரை மட்டும் மாத்தி செஞ்சிருந்தா அங்க மாட்டிக்கும். ரெண்டரை டாலர்ல "டூ அண்ட் ஹாஃப் டோ"ன்னு வெட்டி நிறுத்துன மாதிரி இருக்கணும், டாலர்ஸ்னு முழுசா இருந்தா செஞ்சவங்க அசலைப் பாக்கலைன்னு அர்த்தம். அப்புறம் லூப்ங்கிற பூதக்கண்ணாடி வெச்சு அந்தக் கண்ணைப் பாப்பேன். அசல்ல டை வெட்டுனது கைவேலை, அதனால எல்லாமே கொஞ்சம் கோணல்மாணலா, எழுத்து மேல கீழ ஏறி இறங்கி நிக்கும். அந்தக் கோணலை அப்படியே வெச்சிருக்கிற ரெப்ளிகாதான் நல்ல ரெப்ளிகா. கம்ப்யூட்டர்ல திருத்தி எழுத்தை எல்லாம் நேரா வரிசையா நிறுத்தி, கிரீடத்தைப் பளிச்சுன்னு ஆக்கினது பாக்க அழகா இருக்கும், ஆனா 1849ல அந்த மண் ஊர்ல நடந்த வேலை அதுல தெரியாது. வார்ப்பா அச்சான்னு பாக்க விளிம்பைப் பாருங்க, சுத்தி வர ஒரு மெல்லிசான கோடு ஓடுனா ரெண்டு பாதி மோல்டுல ஊத்துன வார்ப்பு. எழுத்துக்குப் பக்கத்துல பொடிப்பொடியா குழி இருந்தாலும் வார்ப்புதான்.

கோவைமணி:
ஒரு ஆன்லைன் கடையில முத்திரையே இல்லாத 1849 அஞ்சு டாலர் பாத்தேன் அண்ணா, பாக்க ரொம்ப அசலா இருக்கு, விலையும் கம்மி. காப்பின்னு நெத்தியில குத்தி வெச்சா அழகு கெடுதே, இதை வாங்கலாமா?

உப்பேரிக்காரன்:
வாங்காதீங்க தம்பி. முதல் போஸ்ட்ல காரணம் சொல்றேன்னு சொன்னேனே, இதுதான்.

1973ல அமெரிக்காவுல ஹாபி புரொடெக்ஷன் ஆக்ட்னு சட்டம் வந்துச்சு. காசோட நகல் எதுவா இருந்தாலும் "காப்பி"ங்கிற வார்த்தையை அழியாம பொறிக்கணும். விதியில அளவு கூட இருக்கு, எழுத்து உயரம் குறைஞ்சது 2 மில்லிமீட்டர் இல்லைன்னா காசோட விட்டத்துல ஆறுல ஒரு பங்கு, வார்த்தையோட மொத்த அகலம் 6 மில்லிமீட்டர் இல்லைன்னா விட்டத்துல பாதி, ஆழம் 0.3 மில்லிமீட்டர் இல்லைன்னா தடிமன்ல பாதி, எது கம்மியோ அது. 2014ல அதைத் திருத்தி, செய்றவங்களை மட்டும் இல்லாம விக்கிறவங்களையும் உள்ள கொண்டு வந்தாங்க. முத்திரை இல்லாம விக்கிறவர் சட்டத்தை மீறித்தான் விக்கிறாரு, அவர்கிட்ட பணம் குடுத்தா இன்னும் நாலு அடிப்பாரு.

நம்ம செட்டுல இது ரொம்ப முக்கியம், ஏன்னா அசல் விலை அப்படி. நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் ரெப்ளிகான்னு நமக்குத் தெரியும், நமக்கு அப்புறம் யாரோ பொட்டியைத் தொறந்து பாக்கும்போது? தாத்தா சால்ட் லேக்ல இருந்தாரு, இது அசலாத்தான் இருக்கும்னு ஒரு குடும்பம் நம்பி, டீலர்கிட்ட போயி, மனசு உடைஞ்சு திரும்புறதை நான் நேர்ல பாத்திருக்கேன், அந்த அம்மா முகம் இன்னும் நினைவுல இருக்கு. அந்தக் காசுல முத்திரையைத் தேச்சு எடுத்திருந்தாங்க, கைக்குக் கீழ தேதிக்குப் பக்கத்துல மொழுக்குன்னு ஒரு பள்ளம், பாத்தாலே தெரிஞ்சுது. யார் தேச்சாங்களோ அவங்களை என்னால மன்னிக்க முடியலை.

வாசகி_மேசா:
சால்ட் லேக்னாலே மார்க் ஹாஃப்மன் ஞாபகம் வருதுண்ணா. மோர்மன் வரலாற்றுக் கடிதம் எல்லாம் போலியா எழுதி சர்ச்சுக்கே வித்தவரு. 1849ல விட்ட அந்தக் காகித நோட்டுகளையும் போலியா செஞ்சு கலெக்டர்கள்கிட்ட வித்திருக்காரு. சின்னப் பையனா இருக்கும்போதே ஒரு காசுல மின்ட் குறியை, அதாவது எந்த நாணயச் சாலையில அடிச்சதுன்னு காட்டுற எழுத்தை, மாத்தி அசல்னு நம்ப வெச்ச ஆளு. கடைசியில மாட்டிக்கப் போறோம்னு 1985 அக்டோபர்ல குண்டு வெச்சு ரெண்டு பேரைக் கொன்னுட்டு இப்ப ஆயுள் தண்டனையில இருக்காரு. அதனால இந்த ஊர்ப் பழம்பொருள் விஷயத்துல "பாக்க அசல் மாதிரியே இருக்கு"ங்கிறதை நான் பாராட்டாவே எடுத்துக்க மாட்டேன் மணி.

பழங்காசு:
முத்திரை விஷயத்துல உப்பேரிக்காரரோட நான் நூத்துக்கு நூறு ஒத்துப் போறேன். ரெப்ளிகா சேக்குறவங்க எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஒரு கேள்வி மட்டும், சிலர் நிஜத் தங்கத்துலயே ரெப்ளிகா அடிச்சு விக்கிறாங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?

எடைக்கல்:
தங்கத்துல வர்றதுக்கு ரெண்டு விலை இருக்கு சார், உருக்குனா வர்ற தங்கத்து விலை ஒண்ணு, மேல அவங்க வெக்கிற செய்கூலி ஒண்ணு. திரும்ப விக்கப் போனா செய்கூலி போயிரும், உருக்கு விலைதான். முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க. ஆனா 899 மாத்துல, 14.2 கிராமுல, அதே விட்டத்துல யாராவது பத்து டாலர் அடிச்சா, அது மட்டும் எனக்கு வேணும், ஏன்னா அப்பதான் அந்தக் குறைஞ்ச எடை கையில எப்படி இருக்கும்னு தெரியும். அரசாங்கப் பத்து டாலர் 16.7 கிராம். ரெண்டையும் ரெண்டு உள்ளங்கையில வெச்சா அந்தக் கடைக்காரன் என்ன உணர்ந்தான்னு நமக்கும் தெரியும் இல்லையா. நான் பாத்த வரைக்கும் தங்கத்துல செய்றவங்க 22 கேரட்டுலயோ 24லயோ ரவுண்டான எடைக்குச் செய்றாங்க, அசல் எடைக்கு யாரும் போகலை.

கோவைமணி:
எல்லாருக்கும் நன்றி, அந்த முத்திரை இல்லாததை விட்டுட்டேன். ஒண்ணே ஒண்ணு வாங்குறதுன்னா எதுல ஆரம்பிக்க? எப்படிப் பத்திரப்படுத்த?

உப்பேரிக்காரன்:
பத்து டாலர். முதல்ல அடிச்சது அது, 46 காசுல நின்னு போனதும் அது, எழுத்து முழுசா இருக்கிறதும் அது, அசல்ல ரொம்ப அபூர்வமும் அதுதான். வார்ப்பு வேண்டாம், அச்சுல அடிச்சது, காப்பி முத்திரையோட.

பித்தளை ரெப்ளிகா கை வேர்வை பட்டா கறுத்திரும், விளிம்பைப் பிடிச்சு எடுங்க. பிவிசி கலந்த வளையுற பிளாஸ்டிக் உறையில போடாதீங்க, கொஞ்ச நாள்ல பச்சையா பிசுபிசுன்னு படியும், முலாமும் கெட்டுப் போகும். மைலார் உறையோ அளவுக்கேத்த வட்டக் கேப்சூலோ நல்லது. பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீங்க, முலாம் ரொம்ப மெல்லிசு. உறைக்குள்ள ஒரு சீட்டு வைங்க, ரெப்ளிகா, எந்த உலோகம், எடை, எப்ப வாங்குனதுன்னு எழுதி.

தமிழினி_டென்வர்:
அண்ணா, எழுத்துத் தாள் இன்னிக்கு ராத்திரி போடறேன். யார்கிட்டயாவது 1850 அஞ்சு டாலர் அச்சுல அடிச்சது இருந்தா ரெண்டு பக்கமும் ஃபோட்டோ போடுங்க, அதுல கிரீடம் 1849ல இருக்கிறதை விட வேற மாதிரி, நட்சத்திரமும் சேத்திருப்பாங்க. நான் பாத்த ரெப்ளிகா எல்லாம் 1849 முன்பக்கத்தையே வெச்சு தேதியை மட்டும் மாத்தி இருக்கு.

எடைக்கல்:
என்கிட்ட ஒண்ணு இருக்கு தமிழினி, நட்சத்திரத்தோடதான். விட்டம், எடை, தண்ணி எடை மூணும் எடுத்து ஃபோட்டோவோட நாளைக்குப் போடறேன்.